இடது பக்கக் கைப்பிடி

செவ்வாய்க்கிழமை கைப்பிடிகளில் தடவி எடுத்த மாதிரிகளை வியாழக்கிழமை காலையில் எண்ணுவது விர்பியின் வழக்கம். அந்த வியாழக்கிழமை இடது பக்கத் தட்டை விளக்குக்கு நேரே பிடித்து எண்ணத் தொடங்கியவள், இருபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டாள். மூடியில் எழுதியிருந்ததைத் திரும்ப வாசித்தாள். இடதுதான். வலதும் இடதும் மாறிப்போயிருக்குமோ என்று எல்லாத் தட்டுகளையும் மேசையில் பரப்பிப் பார்த்தாள். மாறவில்லை. இடது பக்கத் தட்டு ஒவ்வொன்றிலும் தொண்ணூறு, நூறு என்று மஞ்சள் புள்ளிகளாகக் கிருமிக் கூட்டங்கள் கொட்டிக் கிடந்தன.

போன வாரம் வரைக்கும் அதே இடத்தில் நாலு, ஐந்து, மிஞ்சிப்போனால் ஆறு.

குவோப்பியோ நகரத்தின் ஓரத்தில், ஏரியைப் பார்த்தபடி ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அதன் இரண்டாம் மாடி நடைவழியில், முதியவர்கள் பிடித்துக்கொண்டு நடப்பதற்காக இரண்டு பக்கச் சுவரிலும் கைப்பிடி ஓடுகிறது. வலது பக்கம் வெறும் வார்னிஷ். இடது பக்கத்தில் விர்பி பதினோரு வருடம் உட்கார்ந்து உருவாக்கிய பாலிமரைப் பூசியிருந்தார்கள். மருந்து கசிந்து கிருமியைக் கொல்கிற வகை இல்லை அது. கிருமி வந்து உட்கார்ந்தால் பூச்சே அதன் தோலைக் கிழித்துவிடும். சோதனை மொத்தம் பன்னிரண்டு வாரம். இந்த ஒன்பதாவது வாரத்தைப் போன எட்டு வாரம் போலவே தாண்டியிருந்தால், நாற்பது இல்லங்களுக்கு அந்தப் பூச்சு போவது ஏறக்குறைய முடிவான மாதிரிதான். தாண்டாவிட்டால் டிசம்பரோடு ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். பதினோரு வருடத்தையும் ஒரு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு விர்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அன்றைக்கு அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. தட்டுகளை வைக்கும் சூட்டுப்பெட்டியின் வெப்பத்தைச் சரிபார்த்தாள். பஞ்சுக்குச்சியைக் கழுவும் திரவத்தைச் சரிபார்த்தாள். புதுக் குச்சிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, அதில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு தட்டு வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, ஐந்தே புள்ளிகள் இருந்த பழைய தட்டின் படத்தை எடுத்துப் பார்த்தாள். சாயங்காலம் வீட்டுச் சவுனாவில், அந்த ஆவிக்குளியல் அறையில், ஐந்து நிமிடம்கூட உட்காரவில்லை, எழுந்து வெளியே வந்து ஈரக் காலோடு முற்றத்துச் சேற்றுப் பனியில் நின்றாள். உள்ளே இருந்த புருஷன், கதவையாவது சாத்திவிட்டுப் போ என்றான். அதுகூட அவள் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இல்லத்துக்குப் போனாள். அதற்கு முன் அவள் பகலில் அங்கே போனதே இல்லை. மாதிரி எடுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் கைப்பிடியில் யார் கையும் படக்கூடாது என்பது விதி. அதனால் செவ்வாய்க்கிழமை விடிகாலை ஆறரைக்கு, எல்லாரும் தூங்கும்போது வருவாள். லிஃப்டை விட்டு இறங்கும்போதே கையுறையை மாட்டிக்கொள்வாள். இருபது இடத்தில் தடவுவாள், போய்விடுவாள். ஒன்பது வாரமாக ஒரு முதியவரின் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்த்ததில்லை. விதியைப் பிசகாமல் செய்கிறவர்களுக்கு வரும் வியாதி இது.

லிஃப்ட் கதவு திறந்ததும் மூக்கில் ஏறியது பைன் சோப்பு வாசனை. தார் மணக்கும் அந்தப் பழுப்பு நிறச் சோப்புத் தண்ணீர் இல்லாத வீடு இந்த நாட்டில் கிடையாது. கோடையில் ஏரிக்கரையில் கம்பளம் துவைப்பது அதில்தான், சவுனாப் பலகை தேய்ப்பது அதில்தான், அழுக்கு என்று ஒன்றைப் பார்த்தால் எல்லாருடைய கையும் முதலில் போவது அந்தப் பாட்டிலுக்குத்தான். விர்பிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவளுடைய பாலிமருக்கும் சோப்புக்கும் ஆகவே ஆகாது. பாலிமரின் மின்னூட்டம் ஒரு விதம், சோப்பின் மின்னூட்டம் அதற்கு நேர் எதிர். சோப்பு போய்ப் பூச்சின்மேல் படர்ந்தால் பாலிமருக்குப் பல் போய்விடும், அப்புறம் எந்தக் கிருமியையும் அது கடிக்காது.

துப்புரவு அறையில் ஹில்க்கா துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயது, இருபது வருடமாக அந்த மாடி அவள் பொறுப்பு. கைப்பிடியை எதால் துடைக்கிறீர்கள் என்று விர்பி கேட்டதற்கு, தண்ணீரால்தான், போன வாரம் வியாழக்கிழமை வரைக்கும் என்றாள். அப்புறம்? ஹில்க்கா அலமாரியில் இருந்த பாட்டிலை மோவாயால் காட்டினாள்.

"சோப்பு போடக்கூடாதுன்னு தாள் ஒட்டியிருந்தேனே, ஹில்க்கா."

"பார்த்தேன் டாக்டரம்மா. அந்தத் தாளையும் சேத்துத்தான் துடைச்சேன்."

வேறு நாளாக இருந்தால் விர்பிக்குக் கோபம் வந்திருக்கும். அன்றைக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தப்பு பாலிமரில் இல்லை, பாட்டிலில் இருக்கிறது! இனிமேல் தண்ணீர் மட்டும் போதும் என்று சொன்னாள். ஹில்க்கா துணியைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் விர்பி படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள், லிஃப்டுக்குக் காத்திருக்கக்கூடப் பொறுமை இல்லை.

அன்றைக்கே ஆய்வகத்தில் பூச்சுப் பூசிய மரத்துண்டுகள் ஆறை எடுத்து, மூன்றைப் பைன் சோப்பால் கழுவினாள். எல்லாவற்றிலும் கிருமியை விட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்து வந்து பார்த்தாள். திங்கட்கிழமை காலை, சோப்பு படாத துண்டுகளின் தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. சோப்பு பட்டவற்றில் எண்ணி மாளாது.

ஆய்வகத் தலைவன் யார்க்கோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கெட்டவன் இல்லை, காரியக்காரன். உடனே விதிமீறல் படிவம் ஒன்றை எடுத்தான். தேதி எழுதினான், நடந்தது எழுதினான், செய்தவர் என்ற இடத்தில் ஹில்க்காவின் பெயரை எழுதினான். ஒன்பதாவது வாரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம், துப்புரவு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போட்டுவிடலாம், அந்த அம்மாவை வேறெங்காவது மாற்றுவார்கள், அவ்வளவுதானே என்றான். கடைசியாகக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. தெரியவில்லை என்று போட்டுவிடு என்று சொல்லிவிட்டுக் காபி ஊற்றப் போனான்.

விர்பிக்கு அந்தக் கட்டம் உறுத்தியது. இருபது வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவள், எட்டு வாரம் தண்ணீரை மட்டும் தொட்டுத் துடைத்தவள், ஒன்பதாவது வாரம் திடீரென்று ஏன் சோப்பை எடுத்தாள்? எழுந்தாள், உட்கார்ந்தாள், பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். தெரியவில்லை என்று எழுதக் கை வரவில்லை. படிவத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு காரை எடுத்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு, காபி நேரம். லிஃப்டை விட்டு இறங்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். நடைவழி நிறைய ஆட்கள். இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, ஏலக்காய் ரொட்டி வாசனை வந்த திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். நடைவழிக் கோடியில் இருந்த சவுனாவை மூட்டியிருந்தார்கள். திங்களும் வியாழனும் அங்கே சவுனா நாள். கதவு திறக்கும்போதெல்லாம் ஆவி வெளியே வந்தது. இது எதுவும் விர்பிக்குத் தெரியாது, அவள் அறிந்தது விளக்கணைத்த நடைவழியைத்தான்.

ஹில்க்காவைத் தேடிப் பிடித்து, படிவத்தைப் பற்றியும் கடிதத்தைப் பற்றியும் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். ஹில்க்கா அலட்டிக்கொள்ளவில்லை. போடறவங்க போடட்டும் என்றாள்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதை உங்ககிட்ட கேக்கணும்னு வந்தேன்."

"இப்பத்தான் கேக்கற," என்றாள் ஹில்க்கா.

இந்தச் சீமையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. மழை, மீன், பக்கத்து வீட்டுக்காரன் விவாகரத்து எல்லாம் ஒரு மணி நேரம் சுற்றி வளைத்துப் பேசுவார்கள். உனக்கு வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை மட்டும், நீயாகக் கேட்கிற வரைக்கும் சொல்ல மாட்டார்கள். ஹில்க்கா விர்பியைச் சவுனாக் கதவுக்குப் பக்கத்தில் அழைத்துப் போனாள். சவுனாவுக்கு வலது பக்கமாகத்தான் போவார்கள், இடது பக்கக் கைப்பிடியின் கடைசி மூன்று மீட்டரில் யாரும் நடப்பதில்லை, விர்பியின் குச்சியும் அங்கே வராது, அதனால் அங்கே மட்டும் சோப்பு போடவில்லை என்றாள்.

"கையுறையைக் கழட்டு. பிடி."

அப்போதுதான் விர்பி தன் கையைப் பார்த்தாள். மாதிரி எடுக்க வரவில்லை, இருந்தும் லிஃப்டில் வரும்போதே கை தானாகக் கையுறையை மாட்டியிருந்தது. கழற்றினாள். பிடித்தாள். ஜாம் சிந்திக் காய்ந்த மேசையில் கை வைத்த மாதிரி இருந்தது. உள்ளங்கையைப் பிரித்து எடுக்கச் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. ஆய்வகத்துக் காய்ந்த காற்றில் கண்ணாடி போல் இருந்த பூச்சு இது. இங்கே சவுனா ஆவியைக் குடித்து ஊறிப்போயிருக்கிறது.

ஹில்க்கா சொல்லிக்கொண்டே போனாள். காலையில் முதியவர்களின் கையில் கிரீம் தடவிவிடுவார்கள், அதோடு வந்து இதைப் பிடித்தால் இன்னும் மோசம். அவர்கள் தோல் மெலிசு, இழுத்தால் பயந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள், அப்புறம் எல்லாரும் எதிர்ப் பக்கம் போய்விட்டார்கள். மருந்து பூசின கம்பி என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று பராமரிப்புப் பெண்களும் விட்டுவிட்டார்கள்.

"எட்டு வாரமா யாரும் இதைத் தொடலையா?"

"எட்டு வாரமா. கையே படாத கம்பியில அழுக்கு எங்கேர்ந்து வரும்?"

நாலு, ஐந்து, மிஞ்சிப்போனால் ஆறு. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் ரசித்து ரசித்து எண்ணிய புள்ளிகள். பாலிமர் கொல்லும், அதில் பொய்யில்லை, இன்று காலைகூட மரத்துண்டில் பார்த்தாளே. ஆனால் இந்தச் சுவரில் அது யாரையும் கொல்ல வேண்டியிருக்கவில்லை. எட்டு வாரமாக அவள் அளந்தது, மனிதர்கள் ஒதுங்கிப் போனதை. தாங்க முடியாமல் கேட்டாள், ஒருத்தர்கூடவா என்னிடம் சொல்லவில்லை?

"யார்கிட்ட சொல்றது? நீ விடியறதுக்கு முன்ன வர்ற, குச்சியால தடவற, போயிடற." ஹில்க்கா நடைவழியின் அந்தக் கோடியில் இருந்த முதல் கதவைக் காட்டினாள். "அர்வி சொன்னார்."

அர்விக்கு எண்பத்தாறு வயது. முப்பத்தெட்டு வருடம் குவோப்பியோவுக்கும் ஈசல்மிக்கும் பஸ் ஓட்டியவர். அவர் அறை இடது பக்கத்தில் முதல் கதவு, வெளியே வந்தால் கைக்குக் கிடைப்பது விர்பியின் கைப்பிடிதான். கம்பி ஒட்டுகிறது, கம்பி என்னைப் பிடித்து இழுக்கிறது என்று மூன்றாவது வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு ஏற்கனவே கொஞ்சம் மறதி உண்டு. இப்போது பிரமையும் வந்துவிட்டது, நோய் முற்றிவிட்டது என்று கைப்பிடியைத் தொட்டே பார்க்காத மருத்துவர் அவருடைய ஃபைலில் எழுதினார். புதிதாக ஒரு மாத்திரையும் சேர்த்தார். அந்த வாரக் கடைசியில், இடது பக்கத்தைத் தொடாமல் நேரே எதிர்ப் பக்கம் போக நடைவழியின் குறுக்கே நடந்தார். நடுவில் பிடிக்க என்ன இருக்கிறது? விழுந்தார், இடுப்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து, எட்டாவது வாரம்தான் திரும்பி வந்தார்.

"நான் சோப்பு எடுத்த அந்த வியாழக்கிழமை கதவுகிட்ட நின்னுக்கிட்டு கம்பியையே பார்த்துக்கிட்டிருந்தார். ஹில்க்கா, இது நெஜமாவே ஒட்டுதா, இல்ல என் தலைதான் கெட்டுப்போச்சான்னு கேட்டார். ஒட்டுதுன்னேன். நீ என்னைத் தேத்தறதுக்குச் சொல்றன்னுட்டார். துப்புரவுக்காரி சொன்னா ஃபைல் மாறுமா? என் கையில இருந்தது சோப்பு. தேச்சேன். ஒட்டறது நின்னுச்சு, எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பி வந்துட்டாங்க."

மூன்றாவது வாரம். விர்பிக்கு அந்த வரி நினைவில் இருந்தது, அவளே எழுதியதுதான். தலைமை நர்ஸ் மின்னஞ்சலில் தெரிவித்ததை அறிக்கையில் ஒரே வரியில் முடித்திருந்தாள். நடைவழியில் முதியவர் ஒருவர் விழுந்தார். சோதனையுடன் தொடர்பில்லை. அந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்புகூட அவள் செய்யவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. படிக்கட்டுப் பக்கம் போய் நின்று யார்க்கோவை அழைத்தாள்.

யார்க்கோ முழுவதையும் கேட்டான். ஒட்டுவது வேறு விஷயம், அடுத்த கட்டத்தில் சரிசெய்துகொள்ளலாம், சோப்பை மட்டும் எழுது, அது உண்மைதானே என்றான். உண்மைதான், ஆனால் எட்டு வாரமாக யாரும் தொடாததை அளந்திருக்கிறோமே என்றாள். மறுமுனையில் காபிக் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அதை எழுதினா டிசம்பர்தான், விர்பி. தெரியுமில்ல?"

"தெரியும்," என்றாள்.

திரும்பி வந்தபோது அர்வி அவர் அறைக் கதவைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். உயரமான மனிதர், முதுகு மட்டும் வளைந்திருந்தது. இடது கை கைப்பிடியில் இருந்தது. ஓர் அடி வைப்பார், கையை நகர்த்துவார், மறு அடி வைப்பார். விர்பி எதிரில் போய் நின்றாள். யார், எதற்கு வந்திருக்கிறாள் என்று சொன்னாள்.

"நீங்க சொன்னது சரி. கம்பி ஒட்டிச்சு. அதுல பூசினது நான்தான்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அர்வி அவளை நிதானமாகப் பார்த்தார், வண்டியைக் கிளப்புமுன் பக்கக் கண்ணாடியில் பார்க்கிற டிரைவர் பார்வை.

"நான் சொன்னப்பவே ஒட்டிச்சா? அந்த மூணாவது வாரமே?"

"அப்பவே. முதல் நாள்லேர்ந்தே ஒட்டியிருக்கு."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். மூச்சு வாங்கியது. ஹில்க்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"என் பொண்ணு ஞாயித்துக்கிழமை வருவா. அப்பாவுக்கு முத்திடுச்சுன்னு அவகிட்ட சொல்லிட்டாங்க. போன வாரம் வந்தப்ப, எனக்குக் காலு வலிக்குதான்னு நர்ஸ்கிட்ட கேக்கறா. நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்." அவர் விர்பியின் பையைக் காட்டினார். "நீ டாக்டர்தானே? எழுதிக் குடு."

விர்பி பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். செய்தவர் என்ற இடத்தில் இருந்த பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில், கைப்பிடி ஒட்டியது, முதியவர்கள் யாரும் அதைப் பிடிக்கவில்லை, மூன்றாம் வாரமே அர்வி சொன்னார், அவர் சொன்னது சரி என்று எழுதினாள். அதையே ஒரு வெள்ளைத் தாளிலும் எழுதி அவரிடம் நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து வாசித்தார். முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"விழுந்ததையும் போடு. நானா விழல, குறுக்க நடக்க வேண்டியதாப் போச்சு."

போட்டாள். படிவத்திலும் போட்டாள், தாளிலும் போட்டாள். கீழே தேதியிட்டு, பதவியோடு பெயர் எழுதிக் கையெழுத்திட்டாள். அந்த வேலை டிசம்பர் வரைதான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும், போன வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகக் கை அமைதியாக இருந்தது. அர்வி தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஹில்க்கா, காபி ஆறிப்போகும், ரொட்டியை எல்லாரும் காலி பண்ணிவிடுவார்கள் என்று விரட்டினாள்.

அவர் மறுபடியும் கைப்பிடியைப் பிடித்தார். ஓர் அடி, கை, மறு அடி. விர்பி கையுறை இல்லாத கையால் அதே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவர் வேகத்துக்கே பின்னால் நடந்தாள். காபி மேசை வருவதற்குள் அவர் இரண்டு தடவை நின்று, வலது கையால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.